எக்ஸ்ரேயில் வெட்டு இன்னும் கறுப்பாக இருக்கிறது, காலை ஊன்றலாமா?

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவருக்கு 48 வயது, கரையில் நின்று வலை இழுக்கிற கரைவலைத் தொழில். வலது முழங்காலின் உள்பக்கம் தேய்ந்து, கால் வில்லாக வளைந்துபோய், நடப்பதே பெரும் பாடாக இருந்திருக்கிறது. மூட்டு மாற்றுகிற வயது இல்லை என்று சொல்லி, ஆனி மாதக் கடைசியில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பை வெட்டி நேராக்கும் ஒப்பரேஷன் செய்திருக்கிறார்கள். உள்பக்கத்தால் வெட்டி 9 மில்லிமீற்றர் விரித்து, தகடும் ஸ்குரூவும் போட்டிருக்கிறார்கள். விரித்த இடைவெளிக்குள் எலும்பு எதுவும் வைக்கவில்லை. இப்போது பத்து வாரம். போன கிழமை எடுத்த எக்ஸ்ரேயில் அந்த இடம் இன்னும் ஆப்பு மாதிரிக் கறுப்பாகத்தான் தெரிகிறதாம். டொக்டர் பார்த்துவிட்டு, "நல்லாயிருக்கு, காலை ஊன்றி நடவுங்கோ" என்று சொல்லிவிட்டார். மனிதருக்கோ பயம். எலும்பே இல்லாத இடத்தில் எப்படிப் பாரம் போடுவது, தகடு முறிந்தால் என்ன செய்வது என்று கட்டிலை விட்டு இறங்குவதில்லை. மறுபக்கம் அண்ணன்மார், சீசன் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது, வந்து கயிற்றையாவது பிடி என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்கிறார்.

டொக்டர் சொல்வதைக் கேளுங்கள், தங்கச்சி. ஊன்றி நடக்கச் சொன்னால் நடக்கத்தான் வேண்டும். ஆனால் கடற்கரைக்கு இப்போது போகக் கூடாது. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான், அதை விளக்கமாகச் சொல்கிறேன். திருகோணமலையில் இருபது வருடத்துக்கு மேலாகப் பிசியோதெரபி செய்கிறேன். இந்த ஒப்பரேஷன் முடித்து வருகிற எல்லோரும் கடைசியில் அந்தக் கறுப்பைக் காட்டித்தான் கேட்கிறார்கள். உங்கள் கணவரின் காலை நான் தொட்டுப் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கென்று கிளினிக்கில் தனியாக ஏதும் சொல்லியிருந்தால் அதுவே முன்னுக்கு நிற்க வேண்டும்.

முதலில், ஏன் வெட்டினார்கள்? நேரான காலில் கூட நடக்கும்போது முழங்காலுக்கு வரும் பாரத்தில் 60 முதல் 70 சதவீதம் உள்பக்கத்தால்தான் இறங்குகிறது. கால் வில்லாக வளைந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். கூடக் கூட உள்பக்கக் குருத்தெலும்பு தேயும், தேயத் தேய வளைவு அதிகமாகும். ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டே போகும். மருந்தாலும் பயிற்சியாலும் நோவைக் குறைக்கலாம், வளைந்த எலும்பை நிமிர்த்த முடியாது. அதனால்தான் கணைக்கால் எலும்பின் மேல்பகுதியை வெட்டித் திருப்பி, இடுப்பிலிருந்து கணுக்காலுக்குப் போகும் பாரக் கோட்டை, இன்னும் தேயாத வெளிப்பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகிறார்கள். முழங்காலின் அகலத்தை உள்விளிம்பிலிருந்து அளந்தால் 62 சதவீதம் அளவில் அந்தக் கோடு விழ வேண்டும் என்பது பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஜப்பானின் புஜிசவா பெயரால் அந்தப் புள்ளியைச் சொல்வார்கள். சரியாக நடுவிலே விழ வேண்டும் என்றில்லை, நடுவைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே. இந்த 62ஐ ஞாபகத்தில் வையுங்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள் இருக்கிறது.

இனி வெட்டுக்கு வருவோம். உங்கள் கணவர் எலும்பு இரண்டு துண்டாகிவிட்டது என்று நினைக்கிறார் போல. அப்படி இல்லை. பச்சைக் கொம்பு ஒன்றை ஒரு பக்கத்தால் வெட்டி மெதுவாக விரித்துப் பாருங்கள். மறுபக்கத்துப் பட்டையும் அதோடு ஒட்டிய கொஞ்சம் மரமும் அறாமல் நிற்கும், கொம்பு வாயைத் திறந்தது மாதிரி விரியும். இந்த ஒப்பரேஷனிலும் அதேதான். உள்பக்கத்தால் வாளைச் செலுத்தி, வெளிப்பக்கத்தில் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் எலும்பை வெட்டாமல் விட்டுவிடுவார்கள். கதவுக்குப் பிணைச்சல் எப்படியோ அப்படி அந்தத் துண்டு. கதவைத் திறப்பதுபோல மெல்ல மெல்லத் திறப்பார்கள். 9 மில்லிமீற்றர் திறந்திருக்கிறார்கள் என்றால், எலும்பின் அகலத்தைப் பொறுத்துக் கூடிக் குறைந்தாலும், சுமார் 9 பாகை திருத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, அந்தக் கறுப்பு ஆப்புக்கு வெளிப்பக்கம் முழு எலும்பு இருக்கிறது. பாரக் கோட்டையும் வெளிப்பக்கத்துக்குத்தான் தள்ளியிருக்கிறார்கள். இப்போது அந்த 62ஐ நினைத்துப் பாருங்கள். காலை ஊன்றும்போது பாரத்தின் பெரும்பங்கு, ஆப்பின் அகன்ற வாய்ப்பக்கத்தால் இறங்காமல், மெல்லிய நுனிப்பக்கத்தால், பிணைச்சலை அமுக்கிக்கொண்டு இறங்குகிறது. நேராக்கிய வேலையே எலும்புக்கு ஒரு காவலாகவும் ஆகிவிடுகிறது. மிச்சத்தை உள்பக்கத்துத் தகடு தாங்குகிறது. பிணைச்சல் ஒரு பக்கம், தகடு மறுபக்கம், நடுவிலே கறுப்பு. இரண்டு பக்கமும் உறுதியாக இருந்தால் நடுவில் எலும்பு இன்னும் வராவிட்டாலும் கால் ஆடாது.

மூன்றாவதாக ஒரு காவலும் உண்டு, அதைப் பற்றி நோயாளிகளிடம் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்கத்தில் தடவினால் ஒரு மேடு தட்டுப்படும். சில்லைப் பிடித்திருக்கும் நாண் அங்கேதான் வந்து ஒட்டுகிறது. இப்போதெல்லாம் பல இடங்களில் குறுக்கு வெட்டு அந்த மேட்டுக்குப் பின்னால் நின்றுவிடும். அங்கிருந்து இன்னொரு சிறு வெட்டு மேல்நோக்கி ஏறும். இப்படி இரண்டு தளத்தில் வெட்டினால் முன்பக்கத்தில் எலும்பும் எலும்பும் நேருக்கு நேர் உரசிக்கொண்டு நிற்கும். மேல் துண்டு முன்னே வழுக்காமலும், கால் திரும்பும்போது முறுகாமலும் அது தடுக்கும். தொட்டுக்கொண்டிருக்கிற எலும்பு என்பதால் முதலில் ஒட்டுவதும் அந்த இடம்தான். பக்கவாட்டுப் படத்தில் அந்த முன்வெட்டு மங்கத் தொடங்கியிருந்தால் மனசைத் தைரியப்படுத்திக்கொள்ளலாம், நேர்ப் படத்தில் ஆப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிந்தாலும்.

தகட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயம் அதன் மேல்தான் இருக்கிறது. இந்த வைத்தியம் புதிதல்ல. 1961இல் இங்கிலாந்தில் ஜாக்சனும் வோவும் இதை எழுதினார்கள். அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கவென்ட்ரி 1965இல் எழுதியதற்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. அவருடைய முறையில் வெளிப்பக்கத்தால் ஆப்பு வடிவத்தில் எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு முகத்தையும் ஒன்றோடொன்று மூடுவார்கள். எலும்பும் எலும்பும் தொட்டுக்கொள்வதால் சீக்கிரம் ஒட்டும். ஆனால் பக்கத்திலிருக்கும் மெல்லிய வெளியெலும்பிலும் கை வைக்க வேண்டி வரும், பாதத்தைத் தூக்கும் நரம்பும் அந்தப் பக்கம்தான் போகிறது. உள்பக்கத்தால் விரிக்கும் முறையில் அந்தத் தொல்லை குறைவு. எலும்பை எடுத்து எறிவதும் இல்லை. பதிலுக்கு, இடைவெளி நிரம்பும் வரைக்கும் ஒன்று தாங்கிப் பிடிக்க வேண்டும். பழைய தகடுகளில் ஸ்குரூ தகட்டுத் துளைக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். நாளடைவில் அது சரியும், திருத்திய கோணமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போகும். 2000ஆம் ஆண்டையொட்டி வந்த பூட்டுத் தகடுகளில் ஸ்குரூவின் தலையிலும் மரை உண்டு, தகட்டின் துளையிலும் மரை உண்டு. முறுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். தகடும் எட்டு ஸ்குரூவும் ஒரே இரும்புச் சட்டம் மாதிரி நிற்கும். சரியச் சொன்னாலும் ஒரு ஸ்குரூ தனியே சரியாது. எலும்பை அழுத்திக்கொண்டிருக்கத் தேவையில்லாததால், எலும்பின் மேல்தோலுக்குப் போகும் இரத்த ஓட்டமும் கெடாது. டொக்டர் பத்து வாரத்தில் தைரியமாக ஊன்றச் சொன்னதற்கு இந்தத் தகடு ஒரு காரணமாக இருக்கலாம். எந்த வகைத் தகடு என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேளுங்கள். நோயாளிக்கு அதைக் கேட்கிற உரிமை இருக்கிறது.

இடைவெளிக்குள் ஏன் எலும்பு வைக்கவில்லை என்றும் கவலைப்பட்டிருந்தீர்கள். 10 மில்லிமீற்றருக்கு உட்பட்ட விரிப்பு, அறாத பிணைச்சல், பூட்டுத் தகடு என்று மூன்றும் அமைந்தால் வெறுமனே விட்டாலும் அது பெரும்பாலும் நிரம்பிவிடும். முழங்காலுக்குக் கீழே இருப்பது பஞ்சுபோன்ற எலும்பு, இரத்தம் நிறைய ஓடுகிற இடம். விரிப்பு பெரிதாக இருந்தாலோ, புகைப்பழக்கம், சீனி வருத்தம் போன்றவை இருந்தாலோ இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், அல்லது எலும்புக்குப் பதிலான செயற்கைத் துண்டை வைப்பார்கள். வைக்காமல் விட்டால் அலட்சியம் என்று எண்ண வேண்டாம். இடுப்பில் எடுத்த இடம் மாதக்கணக்கில் நோகும், அந்த நோவைத்தான் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

நிரம்புகிற ஒழுங்கைச் சொல்கிறேன், படம் பார்க்கும்போது உதவும். எலும்பு வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கத்துக்கு வளர்கிறது. ஆப்பின் நுனி முதலில் மங்கும், பிறகு நடு, கடைசியில் அகன்ற வாய். முதலில் அங்கே இரத்தக் கட்டி, பிறகு இழையம், பிறகு இளம் எலும்பு. இளம் எலும்பில் சுண்ணாம்புச் சத்து போதிய அளவு சேரும் வரை எக்ஸ்ரேக்கு அது தெரியாது. ஆகவே படத்தில் கறுப்பாக இருக்கிற இடம் வெறும் பள்ளம் என்று அர்த்தமில்லை. பத்து வாரத்தில் பெரும்பகுதி கறுப்பாகத் தெரிவது வழக்கமானதுதான். ஆறு மாதத்திலும் உள்விளிம்பில் கொஞ்சம் கறுப்பு மிச்சமிருக்கும் ஆட்களை நிறையக் கண்டிருக்கிறேன், அவர்கள் அதற்குள் நன்றாக நடந்துகொண்டிருந்தார்கள். முழுதும் வெள்ளையாக ஒரு வருடமும் அதற்கு மேலும் எடுக்கலாம்.

நான் இதை இவ்வளவு விரிக்கக் காரணம், வீட்டில் எல்லோரும் வெள்ளையா கறுப்பா என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. ஒப்பரேஷன் முடிந்த கையோடு எடுத்த முதல் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பிடியுங்கள். வாயின் அகலம் அன்றைக்கு 9 என்றால் இன்றைக்கும் 9தானா? ஸ்குரூக்கள் அன்றிருந்த கோணத்திலேயே இருக்கின்றனவா? ஏதாவது ஒரு ஸ்குரூவைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் விழுந்திருக்கிறதா? வெளிப்பக்கத்துப் பிணைச்சலில் அன்று இல்லாத கோடு ஏதும் இருக்கிறதா? பக்கவாட்டுப் படத்தில் முழங்காலின் மேல்தட்டு பின்னோக்கிச் சரியும் சரிவு கூடியிருக்கிறதா? இவை மாறாமல் இருந்தால் எலும்பு நிலைத்து நிற்கிறது. டொக்டர் "நல்லாயிருக்கு" என்றபோது அவர் கண் இவற்றைத்தான் பார்த்திருக்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை. படம் எடுக்கும்போது பாதம் கொஞ்சம் உள்ளே வெளியே திரும்பினாலே இடைவெளி கூடினது போலவோ குறைந்தது போலவோ தோன்றும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தைக் கண்டு வீட்டில் நீங்களே பயந்துவிடாதீர்கள். இரண்டு படத்தையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். முதல் படத்தை எறிந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம், அது எனக்கு எப்போதும் மனவருத்தம். அந்த ஒரு படம் இல்லாவிட்டால் பிறகு எடுக்கிற எந்தப் படத்தையும் ஒப்பிட வழியில்லை.

எப்போது நிலைகுலைகிறது? பெரும்பாலும் பிணைச்சல் அறும்போது. விரிக்கும்போதே மேசையில் அது வெடிக்கலாம், பிறகு விழுந்தும் வெடிக்கலாம். ஜப்பானின் தக்கெயுச்சி 2012இல் இதை மூன்றாகப் பிரித்தார். வெட்டின் நேரிலேயே, பக்கத்து மெல்லிய வெளியெலும்போடு சேரும் மூட்டின் அளவுக்குள் வெடிப்பது முதல் வகை. சுற்றியுள்ள கட்டுகள் பிடித்துக்கொள்வதால் பெரும்பாலும் ஆடாது. அந்த மூட்டுக்குக் கீழே இறங்கி வெடிப்பது இரண்டாவது வகை, இதில்தான் ஆட்டம் அதிகம், ஒட்டுவதும் தாமதம். மேலேறி முழங்கால் மூட்டுக்குள்ளேயே போவது மூன்றாவது. பிணைச்சல் அறுந்தால் ஒவ்வொரு அடிக்கும் அந்த இடம் மூடி மூடித் திறக்கும், முழுப் பாரமும் தகட்டின் மேல் விழும். கம்பியை ஒரு தரம் வளைத்தால் முறியாது. நூறு தரம், ஆயிரம் தரம் வளைத்தால் முறியும். தகடும் அப்படித்தான். எலும்பு வந்து பாரத்தை ஏற்கும் வரைக்கும் அது தாங்கும், மாதக்கணக்கில் எலும்பு வராவிட்டால் ஒருநாள் களைத்துப் போகும். அதனால்தான் பிணைச்சலில் வெடிப்புக் கண்டவர்களை இன்னும் சில கிழமை கிளச் என்கிற ஊன்றுகோலோடு நடக்கச் சொல்வார்கள். உங்கள் கணவரின் படத்தில் அப்படி ஒன்று இருந்ததா என்று அடுத்த முறை நேரடியாகவே கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் கேள்வியாக இதைத்தான் கேட்பேன்.

சரி, கால் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தகடு இருக்கிற உள்பக்கத்தைத் தொட்டால் நோகிறது, சாரம் உரசினாலும் நோகிறது என்றால் பயப்பட வேண்டாம். அங்கே தோலுக்குக் கீழே சதை குறைவு, மூன்று நாண்கள் அந்த இடத்தால் போகின்றன, தகடு முட்டும். பின்னேரம் கால் வீங்கி, இரவு உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வடிகிறதா? அதுவும் மூன்று நான்கு மாதம் வரைக்கும் வழக்கம். ஆனால் வெளிப்பக்கத்தில், அந்தப் பிணைச்சல் இருக்கிற இடத்தில், அடி வைக்கும்போது மட்டும் குத்துகிற நோ, அதுவும் கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டு போனால், காத்திருக்காமல் காட்ட வேண்டும். நோவின் அளவை விட அது போகிற திசைதான் முக்கியம். குறைந்துகொண்டு வந்த நோ, ஒருநாள் "டக்" என்று ஒரு சத்தத்தோடு திரும்பி வந்தால் அன்றைக்கே போங்கள். காய்ச்சல், தையல் இடத்தில் சிவப்பு, கசிவு என்றாலும் அப்படித்தான். கெண்டைக்கால் திடீரென்று இறுகி வீங்கி நொந்தால் அது இரத்தக்கட்டியாக இருக்கலாம். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். மாதத்துக்கு ஒரு தரம் அவரை ஒரே சுவரின் முன்னால், இரண்டு பாதமும் நேரே பார்க்க நிற்க வைத்து, முழங்கால் உயரத்தில் போனைப் பிடித்து ஒரு படம் எடுத்து வையுங்கள். நேராக்கிய கால் பழைய வளைவுக்குத் திரும்பினால் தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது பிடிபடாது, படத்தில் பிடிபடும்.

இப்போது பயத்துக்கு வருகிறேன். அவர் கட்டிலிலேயே இருப்பது எலும்பைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தால் அது தவறு. எலும்புக்கு அளவான அசைவு வேண்டும். துளியும் அசையாவிட்டால் எலும்பு சோம்பிப் போகும், அளவுக்கு மீறி அசைந்தால் எலும்புக்குப் பதிலாக நார் வளரும். இரண்டுக்கும் நடுவில், ஊன்றும்போது ஏற்படுகிற மிகச் சிறிய அமுக்கமும் தளர்வும்தான் வளர் என்று எலும்புக்குச் சொல்கிறது. ஊன்றாத காலில் இருக்கிற எலும்பும் மெலியும். தொடைச் சதை கரையும், முழங்கால் மடங்காது, சில்லு கீழிறங்கி ஒட்டிக்கொள்ளும். ஒரு ரீச்சர் அம்மாவுக்கு இப்படி நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். எலும்பு அழகாக ஒட்டியிருந்தது. நாலு மாதம் பயத்தில் காலை நீட்டியே வைத்திருந்ததால் அறுபது பாகைக்கு மேல் மடங்கவில்லை. கதிரையில் இருந்து எழும்புவதற்கே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அதைச் சரிப்படுத்த எட்டு மாதம் இருவரும் பாடுபட்டோம்.

எவ்வளவு ஊன்றுவது என்பதற்கு வீட்டில் நிறை பார்க்கும் தராசு ஒன்று போதும். இல்லாவிட்டால் அக்கம் பக்கத்தில் இரவல் வாங்குங்கள். கிளச்சைப் பிடித்தபடி நொந்த காலை மட்டும் தராசில் வைத்து, 20 கிலோ காட்டும் வரை மெல்ல அமுக்கட்டும். அந்த உணர்வைக் கால் பழகிக்கொள்ளும். அப்புறம் அதே அளவில் வீட்டுக்குள் நடக்கட்டும். பல இடங்களில் முதல் ஆறு கிழமைக்கு 15 முதல் 20 கிலோ வரைதான் சொல்வார்கள். உங்கள் கணவர் பத்து வாரம் என்பதால், டொக்டர் முழுப்பாரம் போடலாம் என்று சொல்லியிருந்தால், 20, 30, 40 என்று சில நாட்களுக்கு ஒருதரம் கூட்டிக்கொண்டு போகட்டும். முதலில் இரண்டு கிளச், பிறகு இடது கையில் ஒன்று. வலது காலுக்கு இடது கையில்தான் பிடிக்க வேண்டும், இதைப் பலரும் மாறிச் செய்கிறார்கள். நொண்டாமல் நடக்க முடிந்த பிறகுதான் கிளச்சை விட வேண்டும். குந்துவது, சம்மணம் போடுவது இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். குந்துகிற கக்கூஸ் என்றால் நடுவில் ஓட்டை வைத்த கதிரை ஒன்றை மேலே போடுங்கள்.

கிளச்சை விட்ட பிறகு நடைக்கு நல்ல தார் வீதி பாருங்கள். மூன்றாம் நான்காம் மாதத்தில் நான் சிலரைக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் பக்கமாக ஏறச் சொல்வதுண்டு. ஏற்றம் மெதுவானது, மர நிழல் இருக்கிறது, மான்களைப் பார்த்துக்கொண்டு போனால் மனசும் லேசாகும். ஆனால் முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் பாரம். ஏறிவிட்டுத் திரும்பும்போது ஓட்டோவில் இறங்கச் சொல்வேன்.

அடுத்தது கடற்கரை. உப்புவெளியில் வீட்டு வாசலிலேயே கடல் இருக்கிறது, கொஞ்சம் காலாற நடந்தால் என்ன என்று தோன்றும். மேல்மணலில் கால் புதையும், ஒவ்வொரு அடிக்கும் கணைக்கால் முறுகும். தண்ணீர் ஓரத்து ஈர மணல் இறுக்கம்தான், ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கிறது. நிலாவெளிப் பக்கமாக வடக்கே நடந்தால் கடல் வலப்பக்கம், வலது கால் பள்ளத்தில். திரும்பி வரும்போது வலது கால் மேட்டில். போகும்போது ஒரு பக்கமும் வரும்போது மறுபக்கமுமாக முழங்காலைச் சரித்துக்கொண்டே நடக்கிறோம். வெட்டிய எலும்புக்கு நேரே இறங்குகிற பாரம் நல்லது. பக்கவாட்டில் சரிக்கிற பாரமும் முறுக்குகிற பாரமும் கூடாது. கரைவலை இழுப்பதில் இந்த இரண்டும்தான் இருக்கின்றன. குதிக்காலை மணலில் புதைத்து, பின்னுக்குச் சாய்ந்து, இடுப்பைத் திருப்பித் திருப்பி, பத்திருபது பேரோடு சேர்ந்து கயிற்றை இழுக்கும்போது ஒருவன் தன் பாட்டுக்குப் பாரத்தைக் குறைத்துக்கொள்ள முடியாது. சும்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நில் என்று அண்ணன்மார் பாசத்தில்தான் சொல்கிறார்கள். அவரால் சும்மா நிற்க முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். மீன்பெட்டி தூக்கப் போன ஒருவரை எனக்குத் தெரியும். ஏழாவது கிழமையில், நோவே இல்லை என்று போனார். பிணைச்சல் அறுந்து கோணம் மாறி, பிறகு இடுப்பெலும்பு எடுத்து வைத்து மறுபடியும் தகடு போட வேண்டி வந்தது. நோ இல்லாததால் எலும்பு முற்றிவிட்டது என்று அவர் நம்பிவிட்டார்.

அவர் பீடி, சிகரெட் குடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. குடித்தால் இன்றோடு நிறுத்த வேண்டும். எலும்பு ஒட்டாமல் போவதற்கான காரணங்களில் நம் கையில் இருப்பதில் அதுவே முதலாவது. நிக்கொட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், வெட்டிய இடத்துக்கு இரத்தம் போய்ச் சேராது. புகையிலை சப்பினாலும் அதே நிக்கொட்டின்தான். சீனி வருத்தம் இருந்தால் இந்த மாதங்களில் கட்டுப்பாடு இறுக்கமாக இருக்கட்டும். நோவுக்குப் பனடோல் போதுமென்றால் அதோடு நில்லுங்கள். டைக்ளோபினாக் போன்றவற்றைச் சில நாள் டொக்டர் தந்தால் குடிக்கலாம், பார்மசியில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் குடிக்கக் கூடாது. எலும்பு ஒட்டுவதை அவை பின்தள்ளக்கூடும், இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கூடாது. சாப்பாட்டுக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, சூடை, ஒரு முட்டை, முருங்கையிலை, காலையில் குரக்கன் பிட்டு, இவற்றை விடச் சிறந்த எலும்புச் சாப்பாடு கடையில் இல்லை. பத்து வாரம் அறைக்குள்ளேயே இருந்த மனிதரைக் காலை வெயிலில் முற்றத்தில் கொஞ்ச நேரம் இருக்க வையுங்கள்.

முறிவு நெரிவு வைத்தியரிடம் காட்டலாமா என்று மாமியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். சுளுக்குக்கும் சாதாரண நெரிவுக்கும் அவர்களிடம் போய்ச் சுகப்பட்டவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. தகடு போட்ட காலை இழுத்துத் திருப்பவோ, பத்துப் போட்டு இறுக்கிக் கட்டவோ மட்டும் விடாதீர்கள். காயம் முழுதாக ஆறியிருந்தால் தொடையிலும் கெண்டைக்காலிலும் நோவெண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதில் பிழையில்லை. கன்னியா வெந்நீர்க் கிணற்றில் வார்ப்பதும் அப்படியே, வெந்நீர் தகட்டை ஒன்றும் செய்யாது. ஆனால் ஈரத் தரையில் கிளச் வழுக்கும். விழுந்தால் முதலில் போவது பிணைச்சல். இன்னும் இரண்டு மாதம் கழித்து, கிளச் இல்லாமல், கூட ஒரு ஆளோடு போகட்டும்.

தகட்டைக் கழற்ற வேண்டுமா என்பதை இப்போது யோசிக்க வேண்டாம். தகடு முட்டி நொந்தால் ஒன்று, ஒன்றரை வருடத்தில், எலும்பு முழுதாக நிரம்பியதைப் பார்த்துவிட்டுக் கழற்றுவார்கள். நோகாவிட்டால் அப்படியே விடுவதும் உண்டு.

அண்ணன்மாருக்கு இப்படிச் சொல்லுங்கள். இந்த சீசன் எப்படியும் முடிகிறது. கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்றுக்கு இந்தக் கரையில் தொழில் குறைவு, அந்த மாதங்களில்தான் இவருடைய எலும்பு முற்றப் போகிறது. தை மாதத்தில் ஆறு மாதம் முடியும். அப்போது ஒரு படமும், நின்றபடி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எடுக்கிற நீளப் படம் ஒன்றும் எடுத்துப் பார்த்து, கோணம் மாறாமல், நுனியும் நடுவும் நிரம்பியிருந்தால், மெல்ல மெல்லப் பாரம் தூக்கிப் பழகலாம். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கி வலை இறக்கும்போது எட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். அப்போதும் முதல் சில கிழமை வலை தைப்பது, மீன் பிரிப்பது, கணக்குப் பார்ப்பது என்று கதிரையில் இருந்து செய்கிற வேலை. அதன் பிறகு டொக்டர் சம்மதித்தால் கயிறு.

அதுவரைக்கும் அந்த முதல் எக்ஸ்ரேயை மெத்தைக்குக் கீழே மடங்காமல், அலுமாரிக்குள் நிமிர்த்தி வையுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அதையும் கொண்டுபோய், பிணைச்சலில் வெடிப்பு இருந்ததா, வாயின் அகலம் மாறியிருக்கிறதா என்று இரண்டையும் கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். நாளைக் காலையில் முற்றம் வரைக்கும் அவர் நடக்கட்டும், நீங்கள் வலப்பக்கம் நில்லுங்கள்.